தலையாரி: இந்தச் சொல்லின் வேர் எது?

பாலாற்றங்கரை:

வணக்கம். எங்கள் ஊர் வேலூருக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே பாலாற்றை ஒட்டி இருக்கிறது. என் தாத்தா அங்கே தலையாரியாக இருந்தவர். அவருக்கு முன் அவருடைய அப்பா. தாத்தாவின் பித்தளை வில்லை இன்னும் எங்களிடம் இருக்கிறது. முட்டை வடிவம், உள்ளங்கை அகலம். தோள்பட்டை வாரில் கோப்பதற்கு இரண்டு ஓரத்திலும் துளை. நடுவில் 'தலையாரி' என்று வெட்டியிருக்கிறார்கள். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து மற்ற எழுத்துகள் மழுங்கிவிட்டன, 'யா'வின் கால் மட்டும் விரலில் நன்றாகத் தட்டுப்படுகிறது.

வீட்டில் ஒரு திருமணம் வருகிறது. பத்திரிகையில் தாத்தா பெயருக்கு முன்னால் 'தலையாரி' வேண்டாம், 'கிராம உதவியாளர்' என்று போடலாம் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள். 'தலையாரி என்றால் எடுபிடி வேலை என்று நினைப்பார்கள்' என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஆனால் எதிர்த்துப் பேச வேண்டுமென்றால் சொல்லின் பொருள் தெரிய வேண்டுமே. தலையில் கணக்குக் கட்டைச் சுமந்ததால் தலையாரி என்று ஒருவர் சொல்கிறார். ஊருக்கே தலையாய காவல் என்பதால் என்று இன்னொருவர். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய தாலுகா:

தம்பி, நான் வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேர் பற்றிப் படித்தவர்கள் சொல்லட்டும், வேலை என்ன என்பதை நான் சொல்கிறேன்.

ஜமாபந்திக்கு, அதாவது ஆண்டுதோறும் நடக்கும் வருவாய்க் கணக்குத் தணிக்கைக்கு, கணக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்கு வருவார்கள், உண்மைதான். கிஸ்தி, அதாவது நிலவரிப் பணம், கஜானாவுக்குப் போகும்போது துணைக்கு வருவார்கள். நான் வேலையில் சேர்ந்தபோது கண்டது அவ்வளவே. ஆனால் அது கடைசிக் காலத்து வேலை. அதை வைத்துச் சொல்லுக்குப் பொருள் சொன்னால் தப்பான இடத்துக்குப் போய்விடுவோம். சுமப்பது ஊர் வேலையாளான வெட்டியானுக்கும் உண்டு, அவரை யாரும் தலையாரி என்று சொன்னதில்லை.

தலையாரி ஊர்க்காவல்காரர். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி பற்றி 1812-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஐந்தாவது அறிக்கையில் தென்னாட்டுக் கிராம ஊழியர்களின் பட்டியல் வருகிறது. குற்றங்களைத் துப்பறிவதும், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும் வழிப்போக்கருக்குத் துணையாகப் போய்க் காப்பதும் தலையாரியின் வேலை. பயிரைக் காப்பதும் விளைச்சலை அளக்கும்போது உதவுவதும் தோட்டியின் வேலை. இரண்டையும் அங்கே பிரித்தே எழுதியிருக்கிறார்கள். 'எடுபிடி' என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஜவ்வாது மலைத்தேன்:

எங்கள் பக்கம் பெரியவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். தலை + அரி. அரிதல் என்றால் அறுத்தல். கதிர் அரிவாள், அரிகண்டம் என்கிறோமே, அந்த அரி. குற்றவாளியின் தலையை அரிபவன் தலையாரி. இதைக் கட்டுக்கதை என்று தள்ள முடியாது. தெலுங்கில் 'தலாரி' என்றால் தூக்கிலிடுபவன் என்று இன்றும் பொருள் இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் உறவு உள்ள யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாசனம்:

ஜவ்வாது மலைத்தேன் ஐயாவுக்கு: தெலுங்குத் தகவல் சரியானது, முக்கியமானதும்கூட. ஆனால் 'தலையை அரிபவன்' என்ற பிரிப்பு நிற்காது. தலையோடு அரி சேர்ந்தால் 'தலையரி' என்றுதான் வரும். நம்மிடம் இருப்பது 'தலையாரி', நெடில். அந்த 'ஆ' எங்கிருந்து வந்தது என்று சொல்லாத எந்த விளக்கமும் அரைகுறை.

தெலுங்கில் தூக்கிலிடுபவன் என்ற பொருள் பின்னால் வந்தது. அங்கும் முதற்பொருள் ஊர்க்காவலன்தான். காவல் பார்ப்பவன், கள்வனைப் பிடிப்பவன், அதிகாரி சொன்ன தண்டனையை நிறைவேற்றுபவன் என்று வேலை நீண்டது. காவல் மற்றவர் கைக்குப் போன பிறகு, கதைகளிலும் நாடகங்களிலும் அந்தக் கடைசி வேலை மட்டும் தலாரியிடம் தங்கிவிட்டது. தமிழில் அப்படி நடக்கவில்லை. நம் பழமொழிகளைப் பாருங்கள்: 'தலையாரியும் அதிகாரியும் ஒன்றானால் விடியுமட்டும் திருடலாம்.' 'கள்ளன் பயந்துபோய்த் தலையாரி வீட்டில் ஒளிந்த மாதிரி.' இரண்டிலும் அவர் திருட்டுக்கு எதிரே நிற்பவர். தலை வெட்டுபவர் அல்ல.

குடியாத்தம் வாசகன்:

நீங்கள் எல்லோரும் 'தலை'யைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தலம் என்று பாருங்கள். ஸ்தலம், ஊர். தெற்கே பாளையக்காரர் காலத்தில் 'ஸ்தலகாவல்' என்றும் 'தேசகாவல்' என்றும் இரண்டு காவல் வரிகள் இருந்தன. ஸ்தலகாவல் என்பது ஒரே ஊருக்குள் பார்க்கும் காவல். தலத்தைக் காப்பவன் தலவாரன், அதுவே தலையாரி. பொருளும் பொருந்துகிறது, ஓசையும் பொருந்துகிறது.

சாசனம்:

குடியாத்தம் அண்ணா, பொருள் அழகாகப் பொருந்துவது உண்மை. இடறுவது ஓசைதான். அதை விளக்க வேண்டுமானால் சொல்லின் பழைய வடிவத்தைப் பார்த்தாக வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லுக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டும்.

சங்கப் பாட்டில் ஊர்க்காவலுக்கு வரும் சொல் வேறு. மழை கொட்டித் தெருவில் நீர் திரண்டு ஓடும் நள்ளிரவிலும் சோர்வில்லாமல் சுற்றி வரும் காவலரை மதுரைக்காஞ்சி 'ஊர்காப்பாளர்' என்கிறது. பிறகு சோழர் கல்வெட்டுகளில் ஊர்க்காவலுக்காகக் கொடுத்த வரிக்குப் பெயர் 'பாடிகாவல்'. விசயநகர காலத்து வரிப் பட்டியல்களில் 'தலையாரிக்கம்' வருகிறது. தலையாரியின் காவலுக்காக ஊரார் கொடுத்தது. நம் வட ஆற்காடு அப்போது படைவீட்டு ராஜ்யம், விசயநகர ஆட்சிக்குள் இருந்தது.

தமிழ்நாட்டை விட்டு வடக்கே போனால் கதை இன்னும் பழையது. கிருஷ்ணா நதிக்கரையில் நாகார்ஜுனகொண்டா பௌத்தக் கல்வெட்டுகள், பிராகிருதம் என்ற பழைய பேச்சுவழி மொழியில் எழுதியவை, இட்சுவாகு அரசர்கள் காலம், பொது ஆண்டு 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. அங்கே 'மகாதலவர' என்ற பட்டம் வருகிறது. அதைத் தாங்கியவர்கள் அரச குடும்பத்தோடு மண உறவு கொண்ட பெருந்தலைகள். அவர்களுடைய மனைவியர் 'மகாதலவரி' என்று பெயர் பொறித்துக் கொடை செய்திருக்கிறார்கள். சமணப் பிராகிருத நூலான கல்பசூத்திரத்தில் அரசவையில் இருப்போர் வரிசையிலும் 'தலவர' வருகிறது, வணிகர் தலைவருக்கு முன்பாகவே. அரசன் மகிழ்ந்து கட்டிய பட்டத்தை அணிந்தவர் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள்.

கன்னடத்தில் 'தளவார', 'தளார'. கல்வெட்டுகளில் நகரக் காவல் தலைவன். தெலுங்கில் 'தலவரி', 'தலாரி'. நம்மிடம் 'தலையாரி'. வரிசையாக வைத்துப் பாருங்கள். 'தலவரி' என்பதன் நடுவில் உள்ள வகரம் கரைந்தால் 'தலாரி'. இப்போது அந்த 'ஆ' எங்கிருந்து வந்தது என்று புரிகிறதா? தமிழர் காதில் 'தலாரி' விழுந்தபோது, முதலில் கேட்ட 'தல' தலையாக மாறியது. உடம்படுமெய் யகரம் தானாக வந்து சேர்ந்தது.

தலம் ஏன் ஆகாது? 'ஸ்தல' பிராகிருதத்தில் 'தல' என்று மெலிவதில்லை, மூச்சோடு ஒலிக்கும் தகரத்தோடுதான் வரும். கல்வெட்டில் இருப்பது மூச்சில்லாத தகரம். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே 'த' என்பதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. அங்கே இரண்டு வேறு எழுத்துகள்.

குடியாத்தம் வாசகன்:

அப்படியானால் இது வடக்கேயிருந்து வந்த சொல் என்கிறீர்கள். ஏற்க மாட்டேன். தலை என்பது தமிழ். தலைவன், தலைமகன், தலைக்கட்டு. தெலுங்கிலும் தல, கன்னடத்தில் தலெ. தலைமை உடையவன் தலவரன். பிராகிருதக்காரர்கள் நம்மவர்களிடமிருந்து வாங்கியிருக்கலாமே? கல்லில் எழுதிய இடம் கிருஷ்ணா நதிக்கரை, அதுவும் திராவிட மொழி பேசிய நிலம்தானே.

சாசனம்:

நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. 'தலவர' வடமொழிக்குள் தெற்கிலிருந்து போன சொல் என்று கருதும் அறிஞர்கள் இருக்கிறார்கள். வடமொழி வேர் எதுவும் அதற்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பது அவர்கள் பக்கத்து வலு. நானும் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

ஆனால் ஒன்றைத் தாண்டியாக வேண்டும். கன்னடத்தில் தலைக்கு 'தலெ', லகரம். காவலனுக்கு 'தளவார', ளகரம். ஒரே வேர் என்றால் ஒரே மொழிக்குள் இரண்டு எழுத்து ஏன்? இந்த ளகரத்தை நேர்மையாக எதிர்கொள்ளாமல் 'தலையே வேர்' என்று முடித்துவிடக் கூடாது என்பதே என் கருத்து. மூலம் திராவிடச் சொல் என்பது ஒரு செய்தி. அது 'தலை' என்ற சொல் என்பது வேறு செய்தி. முதலாவதை ஏற்கிறேன், இரண்டாவதற்கு இன்னும் சான்று வேண்டும்.

ஜவ்வாது மலைத்தேன்:

வேர் எதுவாகவும் இருக்கட்டும், காவல் என்ற தொழிலுக்கு நம் மாவட்டத்தைப் போலக் கல்லில் சான்று வைத்திருக்கும் இடம் குறைவு என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். செங்கம் நடுகற்கள் முழுக்க என்ன எழுதியிருக்கிறது? தொறு கொள்ள வந்தவர்களோடு போராடிப் பட்டவர்கள், தொறு மீட்டுப் பட்டவர்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. எடுத்தனூர்க் கல்லைப் பார்த்திருக்கிறீர்களா? பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு. இறந்த வீரனுக்குப் பக்கத்தில் கோவிவன் என்ற நாயையும் செதுக்கி, அது கள்ளனைக் கடித்துக் காத்து நின்றதைக் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். காவல் காத்த நாய்க்குப் பெயர் சொல்லிக் கல் நட்ட மண் இது. 1989-இல் மாவட்டம் பிரிந்து செங்கம் திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் அது எங்கள் பழைய வட ஆற்காடுதான். இங்கே காவல்காரரை எடுபிடி என்று சொல்வதைக் கேட்க மனம் பொறுக்கவில்லை.

பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. படிக்கப் படிக்கப் பாட்டி சொன்னவை நினைவுக்கு வருகின்றன. மாடு காணாமல் போனால் தாத்தாவைத்தான் முதலில் எழுப்புவார்களாம். ஓடைக்கரையில் ஈரமண்ணில் நல்ல குளம்படி ஒன்று கிடைத்தால் அதன்மேல் முறத்தைக் கவிழ்த்துவிட்டு, பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைப்பார். காற்றோ மற்ற மாடோ அதைக் கலைத்துவிடக் கூடாது. குளம்பின் பிளவு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, லாடம் எந்தக் காலில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு அந்த அடியைத் தேடிப் போவார். அடி அடுத்த ஊர் எல்லைக்குள் போய்விட்டால் அந்த ஊர்த் தலையாரியைக் கூப்பிட்டுக் காட்டி ஒப்படைத்துவிட்டு வருவார். அதன் பிறகு மாட்டுக்கு அந்த ஊர்க்காரர் பொறுப்பு.

களத்தில் நெல் தூற்றி முடித்ததும் குவியலைச் சுற்றி ஈரச் சாம்பலால் கோடு இழுத்து, மேலே மரமுத்திரை அழுத்துவார்களாம். இரவில் ஒரு கை நெல் எடுத்தாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். காலையில் அளந்து முடித்த பிறகே தாத்தாவுக்குப் பங்கு. பாட்டி அதை 'மேரை' என்பார். சம்பளம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

என் சந்தேகம் இதுதான்: அரசவையில் இருந்த பட்டம் கணக்குக் கட்டுத் தூக்கும் ஆளிடம் எப்படி வந்து சேர்ந்தது?

பழைய தாலுகா:

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பாட்டி சொன்ன 'மேரை' என்ற ஒரு சொல்லில் பாதி விடை இருக்கிறது.

மேரை என்பது களத்திலேயே, ஊரார் முன்னிலையில், விளைச்சலில் இருந்து பிரித்துக் கொடுக்கும் உரிமைப் பங்கு. உரிமை என்ற பழைய பொருளில் சுதந்திரம் என்றும் சொல்வார்கள். அதோடு மானிய நிலம். யாரோ மேலிருந்து கொடுக்கும் கூலி அல்ல அது. வாங்கும் பங்குக்கு ஈடான கடனும் உண்டு: களவு போனால் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஈடு கட்ட வேண்டும். நீங்கள் சொன்ன குளம்படி ஒப்படைப்பு அந்தக் கடனை அடுத்த ஊருக்கு மாற்றுவதுதான். சென்னைப் பட்டணத்தில் கம்பெனி குடியேறிய காலத்தில் பெத்த நாயக்கர் என்ற பட்டத்தோடு பரம்பரைக் காவல் பார்த்தவரும் இதே முறையில் பொறுப்பேற்றவர்தான். களவு போனதற்கு அவர் ஈடு கட்ட வேண்டும். அவருடைய ஆட்களைக் கம்பெனி ஆவணங்கள் தலையாரிகள் என்றே குறிக்கின்றன.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1816-இல் சென்னை மாகாணத்தின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்க்காவலைக் கிராம முன்சீபின், அதாவது ஊர்த் தலைவரின், கீழ் வைத்தது. தலையாரி அவருக்குக் கீழ்ப்பட்ட ஆள் ஆனார். 1859-இல் போலீஸ் சட்டம் வந்தது. தாலுகா தோறும் சம்பளப் போலீஸ், ஸ்டேஷன், சீருடை. காவல் அங்கே போயிற்று, தலையாரியிடம் மிஞ்சியது தகவல் சொல்வது மட்டும். மானிய நிலங்களின் உரிமையை இனாம் கமிஷன் விசாரித்துத் தீர்த்தது. களத்து மேரைக்குப் பதிலாக அரசுக் கஜானாவிலிருந்து மாதச் சம்பளம், அதுவும் மிகச் சொற்பம். 1895-இல் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் வந்தபோது முன்சீப், கணக்கெழுதும் கர்ணம், பாசன நீர் பங்கிடும் நீர்கண்டி, வெட்டி, தோட்டி, தலையாரி எல்லாம் ஒரே பட்டியலில், தலையாரி ஏறக்குறையக் கடைசியில்.

ஊரிடம் பங்கு வாங்கியவரை, அரசிடம் கூலி வாங்குபவராக மாற்றினார்கள். கையிலிருந்த காவலையும் எடுத்துக்கொண்டார்கள். வேலை இல்லாதவனிடம் கட்டைத் தூக்கு என்று சொல்வது எளிது. சொல்லில் எந்தக் குறையும் இல்லை, தம்பி. சுதந்திரத்துக்குப் பிறகு 1968-இல் பரம்பரை முறை போயிற்று. 1980-இல் முன்சீப், கர்ணம் பதவிகளையும் அரசு எடுத்துவிட்டு கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டு வந்தது. அடுத்து தலையாரி, வெட்டியான் எல்லோரும் கிராம உதவியாளர் ஆனார்கள். பரம்பரை ஒழிந்தது மிக நல்ல காரியம். ஒருவன் பிறப்பால் வெட்டியானாக இருந்தே ஆக வேண்டும் என்ற கொடுமை அதோடு சட்டத்திலாவது முடிந்தது. அந்தப் பெயர்களில் சாதி எவ்வளவு ஒட்டியிருந்தது என்பதை நான் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்தவன். அதனால் உங்கள் உறவினர்கள் பயப்படுவதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாசனம்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்த இறக்கம் வெள்ளையர் காலத்தில் மட்டும் நடந்ததல்ல. 3-ஆம் நூற்றாண்டில் 'மகா' சேர்ந்த பெருந்தலைவர். கன்னடக் கல்வெட்டில் ஒரு நகரத்தின் காவல் தலைவர். விசயநகர வரிப் பட்டியலில் ஓர் ஊரின் காவல்காரர். அரசுகள் பெருகப் பெருக, பட்டம் கீழே கீழே பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. நாயக்கர் என்ற பட்டத்துக்கும் ஏறத்தாழ இதே கதைதான்.

குடியாத்தம் வாசகன்:

பழைய தாலுகா ஐயா எழுதியதைப் படித்தபின் வேர்ச் சண்டையை விட இது பெரிய செய்தியாகத் தெரிகிறது. ஆனாலும் என் கேள்வி இருக்கிறது. 'தலாரி' தமிழர் காதில் 'தலையாரி' ஆயிற்று என்று சாசனம் அம்மா சொல்வது வெறும் ஊகமா, நேரில் காட்ட முடியுமா?

எல்லையோரம்:

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் தகுதியானவன் என்று நினைக்கிறேன். நான் பேரணாம்பட்டுக்கு வடக்கே ஆந்திர எல்லையை ஒட்டிய ஊரில் கிராம உதவியாளராக இருக்கிறேன். 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வட ஆற்காடு. எங்கள் ஊரில் பாதி வீடுகளில் தெலுங்கு, பாதி வீடுகளில் தமிழ்.

தெலுங்கு வீட்டுப் பெரியவர்கள் என்னைத் 'தலாரி' என்று கூப்பிடுகிறார்கள். அதே தெருவில் தமிழ் வீட்டுக்காரர்கள் 'தலையாரி' என்கிறார்கள். இரண்டு மொழியும் பேசும் பெட்டிக்கடை அம்மா, தெலுங்கில் பேசும்போது ஒன்றும் தமிழில் பேசும்போது மற்றொன்றும் சொல்கிறார். ஒரே மூச்சில் இரண்டும் வரும், அவருக்கு அது வேறு வேறு சொல் என்ற நினைப்பே இல்லை.

வேலை பற்றியும் சொல்ல வேண்டும். 'போலீஸ் வந்தபின் காவல் போய்விட்டது' என்று ஐயா எழுதினார். முழுக்கப் போகவில்லை. பாலாற்றிலும் ஓடைகளிலும் இரவில் மணல் அள்ளும் வண்டிகளைப் பற்றித் தகவல் சொல்ல வேண்டியவர் கிராம நிர்வாக அலுவலர், அவரோடு இருட்டில் நடந்து போக வேண்டியவன் நான். கையில் டார்ச் லைட், சில நாள் அதுவும் இருக்காது. டிராக்டர் டயர்த் தடம் எந்தக் கரையில் ஏறியிருக்கிறது என்று பார்க்கும்போது, பாலாற்றங்கரை நண்பரின் தாத்தா குளம்படி பார்த்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. ஏரி உடையுமோ என்று மழைக்காலத்தில் கரையில் நிற்பதும் நாங்கள்தான். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோர வீடுகளில் கதவைத் தட்டி ஆட்களை எழுப்பினோம்.

பத்திரிகையில் 'தலையாரி' என்று போடுவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் என்றால் போடுவேன்.

பாலாற்றங்கரை:

நன்றி அண்ணா. சாசனம் அம்மாவின் பதிவையும் ஐயாவின் பதிவையும் அச்செடுத்து மாமாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டையும் படித்துவிட்டு, 'தலையாரி' என்றே போடச் சொல்லிவிட்டார். அச்சகத்துக்கு நேற்று கொடுத்தாகிவிட்டது.

சாசனம்:

மகிழ்ச்சி. எல்லையோரம் தம்பி, ஓர் உதவி. உங்கள் ஊர்த் தெலுங்கு வீடுகளில் மிக வயதானவர்கள் யாராவது 'தலவரி' என்று, நடுவில் வகரத்தோடு சொல்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சில் அது இன்னும் இருந்தால் எழுதி வையுங்கள், சொன்னவரின் ஊரையும் வயதையும் சேர்த்து.

எல்லையோரம்:

கேட்டுவிட்டேன் அம்மா. யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பெரியவர், ஊருக்குக் கிழக்கே உள்ள புன்செய் நிலம் ஒன்றைத் 'தலாரி மான்யம்' என்று சொன்னார். அது இப்போது வேறு ஆளின் பட்டாவில் இருக்கிறது, பழைய அ-பதிவேட்டில், அதாவது ஊர் நில விவரப் பதிவேட்டில், என்ன பெயர் என்று திங்கட்கிழமை அலுவலகத்தில் பார்த்து எழுதுகிறேன்.